ஆக்டேவியா ஆர்எஸ்: வேலூர் வெயிலுக்கு எந்த இன்டர்கூலர் பொருந்தும்?

கோட்டைவாசல்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 230 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2.0 டிஎஸ்ஐ பெட்ரோல் வண்டி இருக்கிறது. சென்ற ஆண்டு ரீமேப் (திறனைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றுவது) செய்தேன். விடியற்காலையில் காட்பாடியிலிருந்து கிளம்பினால் குறையே தெரிவதில்லை. ஆனால் கத்திரி வெயிலில், பிற்பகல் நேரத்தில் ஏலகிரி மலைப்பாதையில் ஏறும்போது பாரி என்ற கொண்டை ஊசி வளைவுக்கு வருவதற்குள் இழுவை நன்றாகத் தளர்ந்துவிடுகிறது. வண்டியின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்த்தபோது, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை அடிவாரத்தில் 52 டிகிரியாகவும் அந்த வளைவில் 78 டிகிரியாகவும் இருந்தது. டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரியதாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். டியூப் அண்ட் ஃபின் (குழாய்களும் அவற்றுக்கிடையே மெல்லிய தகடுகளும் கொண்டது), பார் அண்ட் பிளேட் (கட்டைகளும் தட்டுகளும் அடுக்கிச் செய்தது) ஆகிய இரண்டில் எது நல்லது? பெற்றோரும் இதே வண்டியில்தான் வருவார்கள் என்பதால் ஏசி பாதிக்கப்படக் கூடாது.

பாலாற்றங்கரை:
வாங்குவதற்கு முன் இப்போதுள்ள இன்டர்கூலரைச் சோதித்துவிடுங்கள் ஐயா. அதன் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டையும் மடித்து இறுக்கிய விளிம்பில்தான் நாளடைவில் கசிவு வரும். டர்போவின் வாயை அடைத்து, ஒரு பார் அளவுக்குக் காற்றை ஏற்றி, சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். என் வண்டியில் கடுகளவுக் குமிழிகள் வரிசையாக எழும்பின. காற்று கசிந்தால் அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழலும். அதனால் காற்று இன்னும் சூடாகும்.

கசிவு இல்லையென்றால் கணக்கு இப்படித்தான் வரும். வெளியே 40 டிகிரி, பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்) 1.2 பார், டர்போவின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், டர்போவை விட்டு வரும் காற்று ஏறத்தாழ 150 டிகிரியில் இருக்கும். ஏறிய சூட்டில் 70 விழுக்காட்டை இன்டர்கூலர் நீக்கினால் 75 டிகிரியை ஒட்டி நிற்கும். நீங்கள் கண்ட அளவும் அதுவே. 85 விழுக்காட்டை நீக்கும் ஒன்று அதை 57 டிகிரிக்குக் கொண்டுவரும். காற்றின் அடர்த்தி ஐந்து விழுக்காடு கூடுவதோடு, நாக்கிங்குக்கு (எரிபொருள் கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பது) அஞ்சி ஈசியு என்ற இன்ஜின் கணினி இக்னிஷனை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்தள்ளுவதும் குறையும் என்பதால், நீங்கள் உணரும் மாற்றம் அந்த ஐந்து விழுக்காட்டைவிடப் பெரிதாகவே இருக்கும்.

பார் அண்ட் பிளேட் கனமானது. குறுகிய நேர வேகமெடுப்பில் சூட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறுவதற்கு நேரமாகும். டியூப் அண்ட் ஃபின் இலேசானது. சீக்கிரம் ஆறும், பின்னாலுள்ள ரேடியேட்டருக்கும் காற்றைத் தாராளமாக விடும். இடைவிடாமல் ஏறும் மலைப்பாதைக்கு எடையைவிடக் காற்றோட்டமே முக்கியம் என்பது என் கருத்து.

பள்ளிகொண்டா பயணி:
மேலே சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. இந்த வண்டியில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முன்னாலும், இன்டர்கூலர் நடுவிலும், ரேடியேட்டர் பின்னாலும் இருப்பதால், நடுவில் இருப்பது காற்றை அடைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து தவிக்கும். மலிவாகக் கிடைத்தது என்று தடித்த, ஃபின்கள் நெருக்கமான ஒன்றைப் பொருத்தினேன். நெடுஞ்சாலையில் சிக்கல் இல்லை, ஆனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் பத்து நிமிடம் நின்றதும் ஏசி வெதுவெதுப்பாகக் காற்றைத் தந்தது. கழற்றிப் பார்த்தபோது, தொட்டியின் உட்புறத்தில் வெல்டிங் உருண்டைகள் ஒட்டியிருந்தன. அவை பெயர்ந்து இன்ஜினுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே கடையில் டார்ச் அடித்து இரு வாய்களின் உள்ளும் பாருங்கள். எவ்வளவு காற்றோட்டத்தில் எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் பலவும் பகிரும் எம்கியூபி அடித்தளம் என்பதால், ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐக்கு வரும் பல இன்டர்கூலர்கள் இதற்கும் பொருந்தும். ஆனாலும் பிராக்கெட், ஹோஸ் வாய் ஆகியவற்றின் அளவை ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.

கோட்டைவாசல்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று சோப்பு நீர்ச் சோதனை செய்தோம். தொட்டி விளிம்பில் குறையில்லை. டர்போவிலிருந்து வரும் ஹோஸின் கிளாம்ப் அருகே நுரை பொங்கியது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றிவிட்டு, அதே பிற்பகல் வெயிலில் அதே வளைவில் பார்த்தபோது 78 டிகிரி 72 ஆகக் குறைந்திருந்தது. மீதியைக் குறைக்க, நடுத்தரத் தடிமனில், ஃபின்கள் சற்று விலகியிருக்கும் டியூப் அண்ட் ஃபின் ஒன்றையே வாங்கப்போகிறேன். பொருத்திய பின் அதே இடத்தில் அளந்து இங்கே எழுதுகிறேன்.