மான்செஸ்டர் யுனைடெட்: முதலில் தேவை ஸ்ட்ரைக்கரா, நடுக்கள வீரரா?

ஒன்பதாம் எண் | 26 மே 2025

நேற்றிரவு ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்று சீசனை முடித்தோம். எதிரணிக் கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிராவிட்டால் அதுவும் கிடைத்திருக்குமோ என்னவோ. 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 9 சமநிலை, 18 தோல்வி. 42 புள்ளிகளோடு 15ஆம் இடம். 1973-74இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட பிறகு இந்த அணி இவ்வளவு தாழ்வாக எந்தச் சீசனையும் முடித்ததில்லை.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். இந்தக் கோடையில் ஒரே ஒருவரைத்தான் வாங்க முடியும் என்றால், அவர் கோல் அடிக்கத் தெரிந்த ஸ்ட்ரைக்கராக இருக்க வேண்டும். லீக் முழுவதும் நாம் அடித்தவை 44 கோல்கள். அதில் ஹொய்லுண்ட் 4, ஸிர்க்ஸே 3. இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் சேர்ந்து ஏழு! வுல்வ்ஸ் அணியில் குன்யா ஒருவரே 15 அடித்திருக்கிறார். பிரென்ட்ஃபோர்டின் எம்பெமோ 20.

பில்பாவோ இறுதிப் போட்டியை எல்லோரும் பார்த்தோம். டோட்டன்ஹாம் கோலை நோக்கி மூன்றே முறைதான் உதைத்தது. ஒன்று உள்ளே போனது, யூரோப்பா லீக் கோப்பை அவர்களுக்குப் போனது. பந்து பெரும்பாலும் நம் காலில்தான் இருந்தது. வியாழன் அதிகாலை இரண்டரை மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, விடியும்வரை தூங்க முடியாமல் கிடந்தேன்.

நடுக்களத்தான் | 26 மே 2025

வலியைப் பகிர்ந்துகொள்கிறேன், நண்பரே. ஆனால் நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் பூசச் சொல்கிறீர்கள்.

டிசம்பர் 30, ஓல்டு டிராஃபோர்டு, நியூகாசிலுடன் ஆட்டம். நடுவில் நமக்குக் காசெமிரோ, எரிக்சன். அவர்களுக்கு எதிரே டொனாலி, கிமாரைஸ், ஜோலின்டன் என்று மூன்று பேர், மூவருமே சலிக்காமல் ஓடுகிறவர்கள். 4ஆவது நிமிடத்தில் இசாக், 19ஆவது நிமிடத்தில் ஜோலின்டன், இரண்டும் தலையால் அடித்த கோல்கள். 33ஆவது நிமிடத்தில் நம் பயிற்சியாளர் அமோரிம் என்ன செய்தார்? ஸ்ட்ரைக்கர் ஸிர்க்ஸேயை வெளியே அழைத்துவிட்டு நடுக்கள வீரர் மைனூவை இறக்கினார். சொந்த ரசிகர்களே கேலிக் கூச்சல் எழுப்ப, ஸிர்க்ஸே சுரங்கப் பாதைக்குள் நேராக நடந்து போனார். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சியாளரே அன்று ஊரறியக் காட்டிவிட்டார்.

அவருடைய 3-4-2-1 அமைப்பில் (தற்காப்பில் மூவர், அவர்களுக்கு முன் நால்வர், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இருவர், முன்னே ஒருவர்) அந்த நால்வரில் இருவர் ஓரங்களுக்குப் போய்விட, நடுவே நிற்பவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் மூன்று பேரின் ஓட்டத்தை ஓட வேண்டும். காசெமிரோவுக்கு 33 வயது. எரிக்சனுக்கும் 33, அவருடைய ஒப்பந்தமும் இத்துடன் முடிகிறது. உகார்ட்டே பந்தைப் பறிப்பதில் வல்லவர், பறித்த பந்தை முன்னோக்கி அனுப்புவதில் அல்ல. ஆகவே புரூனோ ஃபெர்னாண்டஸ் கீழே இறங்கி வருகிறார். லீக்கில் 8 கோலும் 10 கோல் உதவியும் தந்தவரைத் தற்காப்பு வீரர்களுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு, முன்னே நிற்பவனுக்கு ஏன் பந்து வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஹொய்லுண்ட் கோல் அடிக்கவில்லை என்பது உண்மை. அரை மணி நேரம் பந்தே வராமல் அவர் நின்றதும் உண்மை.

ஒன்பதாம் எண் | 26 மே 2025

பந்து வராத ஆட்டங்களும் உண்டு, மறுக்கவில்லை. வந்த பந்தை என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஏப்ரலில் லியோனுடன் கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கியபோது, அமோரிம் தற்காப்பு வீரர் ஹாரி மக்வயரை முன்களத்துக்கு அனுப்பினார். 5-4 என்று வென்றுதந்த கடைசி நிமிடக் கோலை அடித்தவரும் அவர்தான். அந்த இரவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் கோல் வேண்டுமென்றால் சென்டர் பேக்கைத் தேடும் அணியில் ஸ்ட்ரைக்கர் இல்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இதே அமோரிம்தான் ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் இதே அமைப்போடு 2024இல் பட்டம் வென்றார். அங்கே முன்னால் நின்றவர் ஜியோகெரெஸ். இந்தச் சீசனில் போர்ச்சுகல் லீக்கில் மட்டும் அவர் 39 கோல். அந்த அமைப்பு ஓட அப்படி ஒருவர் வேண்டும்.

நடுக்களத்தான் | 26 மே 2025

2024ஐச் சொன்னீர்கள், 2021ஐ விட்டுவிட்டீர்களே. ஸ்போர்ட்டிங்கில் அமோரிம் வென்ற முதல் பட்டம் அது. அந்தச் சீசனில் போர்ச்சுகல் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் பெட்ரோ கொன்சால்வெஸ், 23 கோல். அவர் ஸ்ட்ரைக்கர் அல்ல. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் இருவரில் ஒருவர். நடுக்களத்தில் பல்யின்யா மதில்போல் நின்றார், பக்கத்தில் ஜோவாவ் மாரியோ பந்தை அமைதியாகக் கொண்டுபோனார். அதனால்தான் கொன்சால்வெஸ் கவலையில்லாமல் பெனால்டி பெட்டிக்குள் ஓட முடிந்தது. ஜியோகெரெஸ் வருவதற்கு முன்பே அந்த அமைப்பு பட்டம் வாங்கிவிட்டது.

வலைக்காவல் | 27 மே 2025

இருவரும் எதிரணிக் கோலைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் கோலில் யார் நிற்பது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

லியோன் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் 95ஆவது நிமிடத்தில் ஒனானா பிடிக்காமல் நழுவவிட்ட பந்தைத்தான் செர்க்கி வலைக்குள் தள்ளினார். 2-1 என்று கையில் இருந்த வெற்றி 2-2 ஆனது. அடுத்த ஆட்டத்தில் ஒனானாவை உட்காரவைத்துவிட்டு பாயிந்திரை இறக்கினார்கள். நியூகாசில் 4-1 என்று அடித்தது. நான்காவது கோல் பாயிந்திர் தவறாக அனுப்பிய பந்திலிருந்து வந்தது.

நான் கல்லூரி அணிக்கு நான்கு ஆண்டு கோல்காப்பாளனாக நின்றவன். கைநழுவிய கோல்கள் பட்டியலில் தெரியும். தெரியாத சேதம் ஒன்று உண்டு. பின்னால் நிற்பவன்மீது நம்பிக்கை போய்விட்டால் தற்காப்பு வீரர்கள் இரண்டடி, மூன்றடி என்று பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கார்னர் வரும்போது ஆளைப் பார்க்க மாட்டார்கள், கோல்காப்பாளனைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் ஆண்டில் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் பந்தைக் கோட்டைவிட்டேன். அதன்பின் என் அணியினர் அப்படித்தான் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் சீசனில் நம் தற்காப்பு வீரர்களின் கண்ணில் அதே பார்வையைக் கண்டேன். நடுக்களத்தான் சொல்லும் அந்தப் பெரிய இடைவெளியில் பாதி, தற்காப்பு வரிசை பின்வாங்கியதால் உண்டானது. முதலில் கோல்காப்பாளரை வாங்குங்கள். விலையும் ஸ்ட்ரைக்கர் விலையில் பாதிகூட வராது.

நடுக்களத்தான் | 27 மே 2025

பின்வாங்கும் வரிசை பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் இடத்தைத் தர மாட்டேன்.

கணக்கன் | 27 மே 2025

மூவரும் பணப்பெட்டி நிறைந்திருப்பதாக நினைத்து வாங்கும் பட்டியல் போடுகிறீர்கள். 2023-24 நிதியாண்டில் கிளப்பின் நஷ்டம் 113.2 மில்லியன் பவுண்டு. பிரீமியர் லீக் விதிப்படி, கழிக்க அனுமதித்த செலவுகள் போக, மூன்று ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 105 மில்லியனைத் தாண்டக் கூடாது. அடுத்த சீசனில் ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை, அந்த வருமானமும் இல்லை.

ஆண்டனி கணக்கைப் பாருங்கள். 2022இல் 95 மில்லியன் யூரோ, ஐந்தாண்டு ஒப்பந்தம். கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 19 மில்லியனாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்று ஆண்டு போய்விட்டது, இன்னும் 38 மில்லியன் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் குறைவாக விற்றால் விழும் துண்டு முழுவதும் அந்த ஆண்டின் நஷ்டம். நாளை விரோட்ஸ்வாஃப் நகரில் கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ரியல் பெட்டிஸில் ஆண்டனி, செல்சியில் சான்சோ. இருவருமே நாம் கடனாக அனுப்பியவர்கள். இருவருக்கும் கொடுத்த விலையைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என் வாதம் இதுதான்: இந்தக் கோடையில் முதல் வேலை விற்பது. ஆடாதவர்களின் சம்பளச் சுமையை இறக்க வேண்டும். ஐரோப்பிய ஆட்டங்கள் இல்லாததால் இருபது, இருபத்திரண்டு பேர் கொண்ட சிறிய அணி போதும். வாரம் முழுக்கப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். சீசனின் நடுவில் வந்து சேர்ந்த அமோரிமுக்கு இதுவரை கிடைக்காதது அதுதான்.

ஒன்பதாம் எண் | 27 மே 2025

யாரை விற்பது? வாங்க ஆள் இருப்பவர்களைத்தான் விற்க முடியும். மைனூவையா?

கணக்கன் | 27 மே 2025

மனம் ஒப்பாவிட்டாலும் அந்தக் கேள்வியைப் பேசத்தான் வேண்டும். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. ஆகவே அவரை விற்றால் வருகிற பணம் முழுவதும் லாபமாக எழுதப்படும். எல்லாக் கிளப்புகளும் தங்கள் பிள்ளைகளை விற்பதன் காரணம் இதுவே. நல்ல விலை வந்தால், அதை வைத்து இரண்டு இடங்களை நிரப்பலாம் என்றால், நான் கையெழுத்துப் போடுவேன்.

பழைய ரசிகை | 27 மே 2025

தம்பி கணக்கன், எண்களை நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பேரேட்டின்படி நடந்து நாம் என்ன பெற்றோம் என்று சொல்கிறேன்.

சென்ற ஆகஸ்டில் மக்டொமினேயை நாப்போலிக்கு விற்றோம். நீங்கள் சொல்லும் அதே காரணம், பள்ளியில் வளர்ந்தவன், முழு லாபம். நான்கு நாட்களுக்கு முன், மே 23 அன்று, காலியாரிக்கு எதிராக அந்தரத்தில் படுத்து அவர் அடித்த கோலோடு நாப்போலி இத்தாலியப் பட்டத்தை வென்றது. லீக்கில் 12 கோல், சீரி ஆவின் சிறந்த வீரர் விருது. அவர் நடுக்கள வீரர். பெட்டிக்குள் ஓடிக் கோல் அடிக்கிறவர். நீங்கள் இருவரும் இரண்டு நாளாகத் தனித்தனியே தேடுகிற இரண்டு பேரும் ஒரே ஆளாக நம் வீட்டிலேயே இருந்தார். அவர் சம்பாதித்துத் தந்த லாபத்தைக் கொண்டு இன்னொரு மக்டொமினேயை வாங்க முடியுமா?

1999 இறுதிப் போட்டியைத் திருச்சியில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். பெக்கம், கிக்ஸ், பட், நெவில் எல்லோரும் அன்று களத்தில் இருந்த நம் பள்ளிப் பிள்ளைகள். 1937 அக்டோபர் முதல் இன்றுவரை, பள்ளியில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் யுனைடெட் ஒரு ஆட்டத்துக்கும் பட்டியல் கொடுத்ததில்லை. மைனூவுக்கு வயது 20. சரியாக ஓராண்டுக்கு முன் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தவன். லியோனுக்கு எதிராக 120ஆவது நிமிடத்தில் 4-4 ஆக்கியவனும் அவனே. அவனை விற்று அவன் இடத்துக்கு ஆள் தேடுவது விதை நெல்லைப் பொங்கித் தின்பது.

கணக்கன் | 28 மே 2025

அக்கா, மக்டொமினே விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவரை விற்காதிருந்தால் உகார்ட்டேயை வாங்கியிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய ரசிகை | 28 மே 2025

வாங்காமல் இருந்திருக்கலாம், தம்பி.

வலைக்காவல் | 29 மே 2025

நேற்றைய இறுதிப் போட்டியில் செல்சி 4-1. மாற்று வீரராக இறங்கிய சான்சோ மூன்றாவது கோலை அடித்தார். நம்மிடம் வாடியவர்கள் வெளியே போய்த் தழைக்கிறார்கள். வாங்குவதற்கு முன், வருகிற வீரரை இங்கே என்ன செய்து கெடுக்கிறோம் என்று கிளப் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நடுக்களத்தான் | 29 மே 2025

அதற்கும் விடை அமைப்பில் இருக்கிறது. பத்தாண்டுக்கு மேலாக ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் விருப்பப்படி ஆளை வாங்கிக் குவித்தார்கள். அடுத்தவர் வந்து அமைப்பை மாற்றினார். டாலோட்டும் மஸ்ராவியும் நால்வர் தற்காப்பில் ஓரம் காக்கப் பழகியவர்கள். இப்போது விங் பேக்காக, அதாவது ஓரம் முழுவதும் ஏறி இறங்கி, ஓடச் சொல்கிறார்கள். வலது விங்கர் அமாட் சில ஆட்டங்களில் அந்த வேலையைச் செய்தார். விங் பேக்காகவே வாங்கியவர் பிப்ரவரியில் வந்த டோர்கு ஒருவர்தான், அவருக்கும் இருபது வயது. இப்படி ஆள் பொருந்தாத அணியில் யாரை முன்னே நிறுத்தினாலும் வாடத்தான் செய்வார்.

ஒன்பதாம் எண் | 2 ஜூன் 2025

செய்தி வந்துவிட்டது. குன்யாவுக்காக வுல்வ்ஸுடன் உடன்பாடு எட்டியதாகக் கிளப் நேற்று அறிவித்தது. 62.5 மில்லியன் பவுண்டு. கோல் அடிக்கத் தெரிந்தவர் வருகிறார். நெடுநாளைக்குப் பிறகு இந்தக் காலை நன்றாக இருக்கிறது.

நடுக்களத்தான் | 2 ஜூன் 2025

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குன்யா உங்கள் ஒன்பதாம் எண் அல்ல, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுகிறவர். நான் சொன்ன கொன்சால்வெஸின் இடம் அது. அவர் அங்கே நின்றால் புரூனோ இன்னும் கீழே இறங்குவார், காசெமிரோவுக்குப் பக்கத்தில். 33 வயதுக் காசெமிரோவும் செப்டம்பரில் 31ஐத் தொடும் புரூனோவும் சேர்ந்து மூவரை எதிர்த்து ஓடப் போகிறார்கள். டிசம்பரில் நியூகாசில் நமக்குக் காட்டிய அதே இடம்.

ஒன்பதாம் எண் | 2 ஜூன் 2025

மைனூ இருக்கிறான். அக்கா சொன்னதைப் படித்த பிறகு அவனை விற்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். உகார்ட்டேக்கும் இன்னொரு ஆண்டு கொடுக்கலாம். ஸ்ட்ரைக்கருக்குத் தருகிற பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

வலைக்காவல் | 2 ஜூன் 2025

சரி, நடுவில் மைனூ, முன்னே குன்யா, அவருக்கும் முன்னே உங்கள் ஸ்ட்ரைக்கர். ஆகஸ்டில் முதல் கார்னர் நம் பெட்டிக்குள் வரும்போது பின்னால் நிற்கப் போவது யார்?