'லெதர் பிரீச்சஸ்', 'ஜகதீச குருகுஹ' இரண்டும் ஒரே மெட்டா?

கானாடுகாத்தான் ஆச்சி:
பொங்கலுக்கு டென்னசியிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். முகப்பில் நின்றபடி வயலினில் 'லெதர் பிரீச்சஸ்' என்று ஒரு துள்ளல் மெட்டு வாசித்தான். அங்கே மலைக் கிராமங்களில் ஆட்டத்துக்கு வாசிப்பதாம். பாதியிலேயே என் மகள், "அம்மா, இது நான் படிக்கிற ஜகதீச குருகுஹ" என்றாள். இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். அங்கங்கே பிரிந்தாலும் ஓட்டம் ஒன்றுதான். இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து வந்ததா? அப்பத்தா விடாமல் கேட்கிறார்கள்.

தேவகோட்டை ரசிகன்:
இரண்டும் இல்லை ஆச்சி. தாய்வீடு ஸ்காட்லாந்து. 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்று 18ஆம் நூற்றாண்டில் அங்கே வாசித்த மெட்டு. கடல் கடந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போய் 'லெதர் பிரீச்சஸ்' ஆகிவிட்டது. நம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளவயதில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசிப்பதைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாட்டு வரிகள்) கட்டியவைதான் நோட்டுஸ்வரங்கள். ஏறக்குறைய 40 இருக்கின்றன, உங்கள் மகள் படிக்கிற 'ஜகதீச குருகுஹ' அதில் ஒன்று. 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள், பிரிட்டிஷ் தேசிய கீதம் 'காட் சேவ் தி கிங்' அப்படியே வரும்.

இதில் என் மனசுக்கு நெருக்கமானவர் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி. மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானும் ஆனார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

காரைக்குடி வயலின் டீச்சர்:
நோட்டுஸ்வரம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில்தான் போகும், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கிடையாது. என்னிடம் வரும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைத்துவிடுவார்கள். உடனே மெட்டின் துள்ளல் போய்விடும். விரலை நேராக வைத்து, வில்லைக் குட்டையாக வெட்டி வாசிக்க வேண்டும். அமெரிக்க மலைக்காரர்கள் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசுவார்கள், சுருதி போலக் கூடவே ஒலிக்கும். உங்கள் அண்ணன் மகனிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் ஆச்சி. எனக்கும் ஒரு பதிவு அனுப்பினால் நன்றாக இருக்கும்.

பள்ளத்தூர் பேரன்:
அப்போ கல்யாண வீட்டில் மேளக்காரர்கள் வாசிக்கிற இங்கிலீஷ் நோட்டும் தீட்சிதருடையதா?

தேவகோட்டை ரசிகன்:
இல்லை தம்பி. மதுரை மணி ஐயர் பாடிப் பிரபலமான அந்த நோட்டு, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது. தீட்சிதர் காலத்துக்கு ரொம்பப் பிந்தியது.

கானாடுகாத்தான் ஆச்சி:
அப்பத்தாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். "ஸ்காட்லாந்தா, சரி, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லு" என்கிறார்கள். டீச்சர், பதிவு ராத்திரி அனுப்புகிறேன்.