ஏர் சஸ்பென்ஷன் எத்தனை ஆண்டு உழைத்தது? உங்கள் அனுபவம்

நெடுவழி:
இரவில் சமமாக நின்ற வண்டி, காலையில் முன் இடது மூலை அமிழ்ந்து, டயரின் மேற்பகுதி மட்கார்டுக்குள் புதைந்து நின்றது. எஞ்சினை இயக்கியதும், காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் நெடுநேரம் இரைந்து அதைத் தூக்கியது. பணிமனையில் ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டைப் பார்த்ததும் கம்ப்ரஸரை மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலையிலும் வண்டி அதே மூலையில் சரிந்திருந்தது. உண்மையில் கசிந்தது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பை. ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு இந்த இரட்டைச் செலவு நியாயமா என்று இன்றும் மனம் ஆறவில்லை.

வெள்ளைக்கோடு:
கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயுளைக் கணக்கிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. என் வண்டி குறைவாகவே ஓடியது. ஆனாலும் கழற்றிய பையை விரித்துப் பார்த்தபோது, மடிப்பு விழும் இடத்தைச் சுற்றி வெடிப்புகள் ஓடி, உள்ளிருந்த நூலிழைகள் வெளியே தெரிந்தன.

மலைப்பாதை:
எனக்கும் பைதான் போனது, ஆனால் பின்பக்கத்தில். இருப்பினும் நெடுவழி அவர்களின் பணிமனையை முழுவதுமாகக் குறைகூற மாட்டேன், ஏனெனில் பை கசியும்போது, இழந்த காற்றை ஈடுகட்ட ஓய்வின்றி ஓடும் கம்ப்ரஸரும் சூடேறித் தேய்ந்துபோவது வழக்கம். அவர்கள் கசிவைத் தேடாமல் விட்டதுதான் தவறு. சோப்பு நீரைப் பையின் மடிப்பிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்தால், குமிழி எழும் இடமே கசிவைக் காட்டிக்கொடுக்கும். உயரத்தை அளக்கும் சென்சாரின் சிறு இணைப்புக் கம்பி ஒடிந்தாலும் வண்டி சரியலாம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, பைக்கு ஆவதில் சிறு பங்குதான். கம்ப்ரஸரை மாற்றும்போது, அதன் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதிய மோட்டார் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் கவனியுங்கள். அது செயலிழந்தால், காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கை ஈரம் அரித்துவிடும். ஒரு பக்கப் பை வயதாகிப் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால், ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. இல்லையெனில் கூலியை இருமுறை கொடுக்க நேரும்.

நெடுவழி:
அறிவுரைக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது வேறு: கசிவைச் சோதிக்காமல் பொருத்திய கம்ப்ரஸரின் விலையை அந்தப் பணிமனை திருப்பித் தர வேண்டாமா?

மலைப்பாதை:
கழற்றிய பழைய கம்ப்ரஸரை அவர்களிடமிருந்து கேட்டு வாங்கி, வேறொருவரிடம் அழுத்தம் சோதித்துப் பாருங்கள். அது நல்ல நிலையில் இருந்தால் துணிந்து கேட்கலாம்.