முதல் சரித்திர நாவல்: உங்கள் கதாநாயகியை எங்கே சந்தித்தீர்கள்?

தொடங்கிவைத்தவர்

என் முதல் நாவல் ஒருவழியாக அச்சுக்குப் போயிருக்கிறது. 1910-களின் தஞ்சாவூர் ஜில்லா. சின்ன வயதிலேயே விதவையான ஒருத்தி வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்று கிளம்புகிறாள். பிரதியைப் படித்தவர்கள் எல்லோரும், "அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி இருந்திருப்பாளா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சகோதரி சுப்பலட்சுமியைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள். 1886-ல் பிறந்தவர், சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர், 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். எழும்பூரில் இளம் விதவைகளைத் தன்னோடு தங்கவைத்துப் படிக்கவைத்தார். பிற்பாடு அந்த இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஆனால் அவருக்குத் தகப்பனாரின் துணை இருந்தது. என் கதாநாயகிக்கு அப்படி யாரும் கிடையாது.

அவளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் பார்த்தேன். வேறு எதையோ தேடி சீட்டு எழுதிக் கொடுத்தேன், கல்வித்துறைக் கட்டு ஒன்று வந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை கேட்டு ஒரு விதவை மனு போட்டிருக்கிறாள். மனு கட்டில் இல்லை, அதிகாரிகளின் குறிப்பு மட்டும் இருக்கிறது. மாமனார் சம்மதித்தாரா என்று ஒருவர் கேட்கிறார். விசாரிக்க வேண்டும் என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் தேதி போட்டு இனிஷியல் வைத்ததோடு சரி. பெண்ணின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, இன்னாரின் விதவை என்றே போகிறது. பணம் கிடைத்ததா, மாமனார் மசிந்தாரா, ஒன்றும் தெரியாது. அந்த மூன்றாவது இனிஷியலுக்குப் பிறகு நடந்ததைத்தான் முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஆளை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? எழுதியவர்கள்தான் என்றில்லை, படிக்கிறவர்களும் சொல்லலாம்.

பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்

நான் எழுத்தாளன் இல்லை சார். ஆனால் நீங்கள் தேடுகிற பெண்களோடுதான் வேலை பார்த்தேன். பழைய பத்திரங்களில் அவர்கள் இல்லாத பக்கம் குறைவு.

ஒருவர் மூலப்பத்திரம் கொண்டுவந்து காட்டினார். 1920-களில் எழுதியது. புருஷனை இழந்த ஒரு அம்மாள், சில நூறு ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு, இனி ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று மைத்துனர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். படிப்பறிவு இருக்காது என்ற நினைப்பில் பத்திர எழுத்தர் முன்கூட்டியே "கைநாட்டு" என்று எழுதி இடம் விட்டிருக்கிறார். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவு, கடைசி எழுத்து வரி தாண்டி இறங்கிவிட்டது. பத்திரக் கோடியில் அடித்தல் திருத்தல் விவரம் எழுத வேண்டும் அல்லவா, அங்கே "கைநாட்டு என்பது அடிக்கப்பட்டது" என்று அதே எழுத்தர் எழுதியிருக்கிறார். என்ன முகத்தோடு எழுதினாரோ!

வெளியார் முன் வராமல் திரைமறைவில் இருக்கும் கோஷா பெண்கள் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை. 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரே வீட்டுக்குப் போகலாம். திரைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர், நடுவில் மைப்பெட்டி. உள்ளே இருப்பது அவள்தான் என்று அடையாளம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாவலில் யாராவது இதை எழுதியிருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்து வாசகி

எங்கட பக்கத்தில கதை வேற மாதிரி. இங்க பெம்பிளையளுக்குக் காணி இருந்தது. சீதன உறுதி, அதாவது சீதனப் பத்திரம், அவையின்ர பேரில, வீடும் அவையின்ர பேரில. ஆனா எங்கட வழமைச் சட்டமான தேசவழமைப்படி கலியாணம் கட்டின பெம்பிளை தன்ர காணியை விற்கிறதெண்டால் புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். அந்த ஆள் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் எண்டு 1911 கட்டளைச் சட்டத்தில இருக்குது. எத்தனை பேர் போயிருப்பினம்?

என்ர அம்மம்மாவின்ர தாயார் உடுவிலில படிச்சவ. 1824-இல அமெரிக்க மிசனரிமார் தொடங்கின பள்ளிக்கூடம். இங்கிலீசில கடிதம் எழுதுவா. ஆனாலும் உறுதி எழுதுற நொத்தாரிசு வந்து இருந்தால் அவ குசினிப் பக்கம் நிண்டுதான் காது குடுப்பாவாம், கதைக்கிறது முழுக்க அப்பப்பாமார்தான். கடைசியில உறுதியை எடுத்து வாசிச்சு எல்லை பிழை எண்டு சொன்னதும் அவதானாம்.

முதல் நாவல் எழுதுறவைக்கு ஒண்டு சொல்லோணும். 1931-இல இலங்கையில பெம்பிளையளுக்கும் வாக்குரிமை வந்திட்டுது எண்டு அந்த வருசமே யாழ்ப்பாணத்தில கதாநாயகியை வரிசையில நிப்பாட்டிப்போடாதேங்கோ. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரிச்சது. 1934 இடைத்தேர்தலிலதான் இங்கத்தைய ஆக்கள் வோட்டுப் போட்டவை.

பதிப்பகத்தில் பிரதி பார்ப்பவர்

எனக்கு வருகிற முதல் நாவல்களில் பாதிக்குமேல் சரித்திரக் கதைதான். கதாநாயகி 1905-ல் இருப்பாள், பேச்சு மட்டும் நேற்றைய மேடைப் பேச்சு. மாமியாரைப் பார்த்து அரைப்பக்கம் வசனம் பேசிவிட்டு வாசல் தாண்டிப் போய்விடுவாள். போகிறவள் கையில் எத்தனை அணா இருக்கிறது என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. ரயிலுக்கு டிக்கெட் வேண்டாமா? ராத்திரி எங்கே படுப்பாள்?

பணத்தைப் பின்தொடர்ந்தாலே கதை வந்துவிடும். 1856 விதவை மறுமணச் சட்டத்தை எல்லோரும் புகழ்ந்து ஒரு வரி எழுதுகிறார்கள். மறுமணம் செய்தால் முதல் கணவன் வழியில் வந்த சொத்து போய்விடும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஒருத்தி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது கோழைத்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1937-ல் கூட்டுக்குடும்ப விதவைக்குப் பங்கு கிடைத்தது, அதுவும் ஆயுள் வரைக்கும்தான். முழு உரிமைக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதிவுத்துறை ஐயா சொன்ன அடித்தல் திருத்தல் கதையை யாராவது உடனே எழுதுங்கள். இல்லாவிட்டால் நானே எழுதிவிடுவேன்.

இன்னொரு நாவலாசிரியர்

எழுத்து கற்காதவள் எப்படி எழுத்தாளர் ஆவாள் என்று என் நாவலைப் படித்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். வை.மு. கோதைநாயகியைக் காட்டினேன். 1901-ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம். எழுதத் தெரியாத காலத்தில் வாயால் சொல்ல, தோழி எழுதி முடித்ததுதான் அவருடைய முதல் படைப்பு. 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையைக் கையில் எடுத்துப் பல வருஷம் நடத்தினார். பேராசிரியர் அதற்குமேல் கேட்கவில்லை, வேறு குறை தேடப் போய்விட்டார்.

தொடங்கிவைத்தவர்

பிரதி பார்ப்பவருக்கு: என் ஆள் புடவைத் தலைப்பில் நான்கு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறாள், ஏழாம் அத்தியாயத்திலேயே கணக்குக் காட்டியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்!

பதிவுத்துறை ஐயா, அந்த அடையாளம் சொல்கிற ஆள் பெண்ணாக இருக்கலாமா, ஆணாகத்தான் இருக்க வேண்டுமா? அடுத்த நாவலுக்குத் தேவைப்படுகிறது.