சேலத்துல இருந்து முதல் தடவை வொண்டர்லா: ரெண்டு வாண்டுங்க, மூட்டு வலி மாமியார், எங்க தங்கறதுன்னு சொல்லுங்க

அம்மாபேட்டை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க. நாங்க சேலம் அம்மாபேட்டை. பெரியவனுக்கு அஞ்சரை வயசு, யுகேஜி. சின்னவளுக்கு ரெண்டரை. அவன் கிளாஸ்ல யாரோ பெங்களூர் பக்கம் பிடதியில இருக்கற வொண்டர்லா ரைடு பார்க்குக்கு போயிட்டு வந்து கதை விட்டுருக்கான், அன்னைல இருந்து காலைல பல்லு விளக்கறப்பவே வொண்டர்லான்னுதான் ஆரம்பிக்கறான். வீட்டுக்காரரும் சரி அரையாண்டு லீவுல பெங்களூர் போலாம்னு வாயை விட்டுட்டாரு, அவருக்கு கொலுசு பட்டறை, பொங்கல் ஆர்டர் ஆரம்பிச்சா தலை நிமிர முடியாது, அதனால ரெண்டு நைட்டுக்கு மேல வாய்ப்பே இல்ல.

எங்க தங்கறதுன்னுதான் வீட்டுல சண்டையே. பிடதியில பார்க்கை ஒட்டியே அவங்க ரிசார்ட் இருக்கு, ஆனா ரேட்டை பார்த்தா கண்ணு கட்டுது. பெங்களூர்ல மைசூர் ரோட்டுல கெங்கேரி பக்கம் சாதா ஹோட்டல் பார்த்தா அதுல பாதி கூட இல்ல. மூணாவதா மாரத்தஹள்ளியில என் நாத்தனார் வீடு, செலவே இல்ல, தங்கலைன்னா கோவிச்சுக்குவாங்க, வீட்டுக்காரர் ஓட்டு அதுக்குத்தான். கூட எங்க அத்தையும் வர்றாங்க, மூட்டு வலி, படி ஏறினா அன்னைக்கு முழுக்க முனகுவாங்க பாவம். சின்னவ இன்னும் தூளியில போட்டு ஆட்டினாத்தான் மதியம் தூங்குவா, அந்த ஒரு மணி நேரம் தூங்கலைன்னா சாயங்காலம் ஊரே கூடிடும். கார்லதான் போறோம். குழந்தைங்களோட போனவங்க அனுபவம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஓசூர்_அப்பா

சகோதரி, நாத்தனார் வீட்டு ஆப்ஷனை இப்பவே அழிச்சிடுங்க, அவங்க மேல எந்த தப்பும் இல்ல, தப்பு மேப் மேல. மாரத்தஹள்ளி ஊருக்கு கிழக்கு, பிடதி மைசூர் ரோட்டுல தென்மேற்கு, ஊரை முழுசா குறுக்க வெட்டணும். நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி இதே வேலைதான் பண்ணோம், ஒயிட்ஃபீல்டுல மச்சான் வீடு, காசு மிச்சம்னு போய் தங்கி, காலைல டிபன் சாப்டாம விடமாட்டேன்னு அவங்க ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கம், ஒன்பதரைக்கு கிளம்பி பார்க் வாசலுக்கு போறப்ப மணி பன்னெண்டே கால். சாயங்காலம் திரும்பறப்ப சில்க் போர்டு கிட்ட ரெண்டு பிள்ளைங்களும் கார்லயே வாந்தி. மிச்சம் பண்ண காசு கார் வாஷுக்கும் ஓலாவுக்கும் போச்சு.

சேலத்துல இருந்து வர்றவங்க ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு (ஊருக்கு வெளிய சுத்தி போற டோல் ரோடு) பிடிச்சா நேரா மைசூர் ரோட்டுல இறக்கி விட்டுடும், டோல் கொஞ்சம் வலிக்கும் ஆனா குடுங்க. ஒரே எச்சரிக்கை, சந்தாபுரா பொம்மசந்திரா காலைல எட்டு மணிக்கு மேல கம்பெனி பஸ்ஸா நிக்கும், அதனால விடியக்காலம் சேலத்துல கிளம்பி நேரா பார்க்னு பிளான் போடாதீங்க. இருநூறு கிலோமீட்டருக்கு மேல வருது, நின்னு நின்னு போனா நாலரை அஞ்சு மணி நேரம், பிள்ளைங்க வாசல்லயே சுருண்டுடும். முதல் நாள் மதியம் சாப்டு கிளம்பி, ராத்திரி போய் படுத்து, காலைல ஃப்ரெஷ்ஷா உள்ள போங்க. பார்க் எப்படியும் 11 மணிக்குத்தான் திறக்கறாங்க, தண்ணி ரைடு அதுக்கும் அப்பறம்தான்.

இன்னொன்னு, கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் போகவே போகாதீங்க, பெங்களூரே அங்கதான் இருக்கும், ரூம் ரேட்டும் ஏறிடும். லீவு முடிஞ்சு ஜனவரி முதல் வாரத்துல ஒரு செவ்வாய் புதன் பாருங்க. யுகேஜிக்கு ரெண்டு நாள் லீவு போட்டா கலெக்டர் ஆகறது ஒண்ணும் நின்னுடாது.

மூணுரோடு_முரட்டுபீஸ்

ரெண்டரை வயசு குழந்தைக்கு வொண்டர்லாவா? பெரிய ரைடு பலதுக்கு 140 செ.மீ உயரம் கேப்பாங்க, உங்க பையன் 110 இருந்தாலே பெரிசு. அவன் ஆடப்போறது குட்டி ராட்டினமும் அலை அடிக்கற குளமும்தான். அதுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போதும், சங்ககிரி பெருந்துறை அவினாசி அன்னூர்னு மூணரை மணி நேரம், அங்கயும் தங்க ரூம் இருக்கு, மறுநாள் காலைல 7.10க்கு ஊட்டி குட்டி ரயில். டிக்கெட் மட்டும் முன்னாடியே போட்டுடணும். பிள்ளைங்களுக்கு ரைடை விட அந்த ரயில்தான் ஞாபகம் இருக்கும்.

அம்மாபேட்டை_அம்மா

ஓசூர் அண்ணா, வாந்தி கதையை வீட்டுக்காரர்கிட்ட படிச்சே காட்டிட்டேன், நாத்தனார் வீடு கேன்சல், திரும்பி வர்றப்ப ஒரு மதிய சாப்பாட்டுக்கு போயிட்டு வர்றதா சமாதானம் ஆயிடுச்சு. முரட்டுபீஸ், நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா பிளாக் தண்டர்னு சொன்னா இவன் அது வொண்டர்லா இல்லையேன்னு உருளுவான், பேருலதான் எல்லாமே இருக்கு. இப்ப ரிசார்ட்டா கெங்கேரி ஹோட்டலாங்கறதுதான் பாக்கி.

மூணுபுள்ள_தாய்

நான் மூணையும் கூட்டிட்டு போயிருக்கேன், அதுல கடைசி அப்ப ரெண்டு வயசு. பக்கத்துல தங்கறதுல இருக்கற லாபம் மதியம் ரெண்டு மணிக்குத்தான் தெரியும். உங்க சின்னவ கண்ணை கசக்க ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் தூக்கிட்டு ரூமுக்கு போயிடலாம், மத்தவங்க பெரியவனோட நிம்மதியா ஆடலாம். அந்த ஒருத்தர் திரும்ப உள்ள வரணும்னு அவசியமே இல்ல, அவங்க நாள் அத்தோட முடிஞ்சுதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, இல்லன்னா கேட் கிட்ட நின்னு புருஷன் பொண்டாட்டி சண்டை போடுவீங்க (நாங்க போட்டோம்). வெளிய போயிட்டு திரும்ப வந்தா விடுவாங்களான்னு டிக்கெட் போடறப்பவே கேட்டுக்கறதும் நல்லது. உங்க அத்தை பார்க்குக்கே வரலைன்னு வச்சுக்கோங்க, ரூம்லயே இருந்தா அவங்ககிட்ட சின்னவளை குடுத்துட்டு நீங்க ரெண்டு பேருமே போலாம், ஒரு டிக்கெட்டும் மிச்சம். கெங்கேரியில ரூம் போட்டா இது எதுவுமே நடக்காது, குழந்தை ஈரத்தோட உங்க தோள்லயே தூங்கும், நீங்க பெஞ்ச்ல உக்காந்து போற வர்றவங்களை வேடிக்கை பாக்கணும்.

உயரம் 85 செ.மீக்கு கீழ இருந்தா குழந்தைக்கு டிக்கெட் இல்ல, வீட்லயே சுவத்துல நிக்க வச்சு பென்சில்ல கோடு போட்டு பார்த்துக்கோங்க. ரெண்டரை வயசுன்னா பார்டர்ல இருப்பா. அப்பறம் தண்ணிக்குள்ள காட்டன் டிரஸ் விடமாட்டாங்க, நைலான்தான், உங்களுக்கும் சேர்த்து.

ரேட்டை ஒப்பிடறப்ப வரியோட ஒப்பிடுங்க. 2025 செப்டம்பர்ல மாத்தினதுக்கு அப்பறம் ஒரு நாள் வாடகை 7500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதை தாண்டினா 18. 7400 ரூம் 7800 ரூம் ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், பில் போடறப்ப ஆயிரத்தி நானூறுக்கு மேல வித்தியாசம் நிக்கும்.

நாகலூர்_காபி

அம்மணி, நான் ஏற்காட்டுல ஹோம்ஸ்டே நடத்தறவன், ரூம் குடுக்கற பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன். எங்கள மாதிரி ஆளுங்க போட்டோவுல காட்டாம விடறது மூணு விஷயம், படி, பாத்ரூம், சுடுதண்ணி. என்கிட்டயே கீழ சரிவுல இருக்கற ரூம்தான் பார்க்க அழகு, ஆனா 32 படி இறங்கணும், போன்ல யாரும் கேக்க மாட்டாங்க, வந்து இறங்கினதும் பாட்டி மேல நின்னுகிட்டு என்னை பாக்கும். அதனால லிஃப்ட் இருக்கான்னு கேக்காதீங்க, காரை நிறுத்தற இடத்துல இருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படின்னு கேளுங்க. சுடுதண்ணி சோலாரா கீசரான்னு கேளுங்க, சோலார்னா சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல பார்க்ல இருந்து திரும்பி வந்து குளிக்கறப்ப நாலாவது ரூமுக்கு பச்சை தண்ணிதான், டிசம்பர் ஜனவரி பெங்களூர் குளுருக்கு குழந்தைக்கு ஆகாது.

பாத்ரூம் தாழ்ப்பாள் விஷயம் அனுபவத்துல சொல்றேன். போன வருஷம் நாலு வயசு பையன் ஒருத்தன் உள்ள போய் கீழ் தாழ்ப்பாளை போட்டுட்டான், திறக்க தெரியல, உள்ள அவன் அழுகை, வெளிய அவங்கம்மா அழுகை, கடைசியில நான் வென்டிலேட்டர் கண்ணாடியை உடைச்சு தோட்டத்துல வேலை செய்யற தம்பியை உள்ள இறக்கினேன். மறுநாளே எல்லா ரூம்லயும் கீழ் தாழ்ப்பாளை கழட்டிட்டேன். எங்க தங்கினாலும் ரூமுக்குள்ள போனதும் முதல் வேலையா அதுல ஒரு துணியை சுத்தி கட்டிடுங்க. பால்கனி கம்பிக்கு நடுவுல குழந்தை தலை நுழையுமான்னும் பார்த்துக்கோங்க. எக்ஸ்ட்ரா பெட்டுனு காசு வாங்கறது முக்காவாசி தரையில போடற மெத்தைதான், உங்க அத்தையால தரையில இருந்து எந்திரிக்க முடியுமா? முடியாதுன்னா ரெண்டு ரூமா போடணும், இல்லன்னா மூணு கட்டில் ரூமானு பேர் சொல்லி கேட்டு வாங்கணும்.

கடைசியா ஒண்ணு, யாவாரம் பேசறேன்னு நினைச்சாலும் பரவால்ல. உங்க பிள்ளைங்க வீட்டை விட்டு வெளிய ஒரு நைட்டாவது தங்கி இருக்குதுங்களா? இல்லன்னா இருநூறு கிலோமீட்டர் தள்ளி போய் முதல் தடவை சோதனை பண்ணாதீங்க. எங்கயாவது பக்கத்துல ஒரு ராத்திரி தங்கி பாருங்க. ஏற்காடு உங்க வீட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம், ஒத்து வரலைன்னா ராத்திரியே போர்வையை சுத்திட்டு இறங்கிடலாம்.

மூணுரோடு_முரட்டுபீஸ்

மார்க்கெட்டிங் பலமா இருக்கே தலைவரே.

நாகலூர்_காபி

என் ரூம் நம்பர் எங்கயாவது குடுத்தேனா தம்பி? அடிவாரத்துல சொந்தக்காரங்க வீட்டுல தங்கினாலும் சரிதான்.

அம்மாபேட்டை_அம்மா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நாகலூர் ஐயா சொன்னது மனசுல ஒட்டிக்கிச்சு, ஏன்னா யோசிச்சு பார்த்தா சின்னவ பிறந்ததுல இருந்து எங்கம்மா வீட்டை தவிர எங்கயும் படுத்ததே இல்ல. போன சனிக்கிழமை ஏற்காட்டுக்கு போயிட்டோம். ரூம் பேரு வேணாம், மோசம்னும் சொல்ல மாட்டேன், ஆனா தூளி கட்ட ஒரு கொக்கி கிடையாது, ஃபேனே கிடையாது, அந்த குளுருக்கு எதுக்குனு வைக்கல போல. சின்னவ ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து "வீட்டுக்கு போலாம் ஆத்தா"ன்னு அத்தை கழுத்தை கட்டிகிட்டா. கடைசியில வீட்டுக்காரரும் நானும் சேலையோட ரெண்டு முனையை ஆளுக்கு ஒண்ணா பிடிச்சுகிட்டு நடு ரூம்ல நின்னு ஆட்டினோம், அரை மணி நேரம், கை விட்டு போச்சு. பெரியவன் அதை பார்த்துட்டு இதுதான் ரைடா எனக்கும் வேணும்னு படுத்து உருண்டான். அத்தைக்கு படி பிரச்சனை வரல, கட்டில் ரொம்ப உயரம்னு பிரச்சனை வந்துச்சு, அது நம்ம லிஸ்ட்லயே இல்ல பாருங்க.

அதனால இப்ப முடிவு இப்படி. பார்க் ரிசார்ட்லயே, ஆனா ரெண்டு நைட் இல்ல, ஒரே நைட், பார்க் போற அன்னைக்கு மட்டும். முதல் நாள் ராத்திரி வழியில ஓசூர்ல சாதா ஹோட்டல், காலைல ஆறரைக்கெல்லாம் கிளம்பி பஸ் கூட்டத்துக்கு முன்னாடி நைஸ் ரோடு ஏறிடணும். சீக்கிரம் போய் சேர்ந்தாலும் ரிசப்ஷன்ல பையை வச்சுட்டு பார்க்குக்கு போலாமாம், மதியம் ரூம் குடுத்ததும் அத்தை சின்னவளோட அங்க இருந்துக்குவாங்க. போன்ல படி கேட்டேன், கட்டில் உயரம் கேட்டேன், அந்த பொண்ணு சிரிச்சுகிட்டே அளந்து சொல்லுச்சு. தூளிக்கு கொக்கி இருக்கான்னு கேட்டப்பதான் அதுக்கு என்னன்னே புரியல, கன்னடத்துல தூளிக்கு என்ன சொல்லணும்?

ஓசூர்_அப்பா

தொட்டிலுன்னு சொல்லுங்க, அவங்களும் தொட்டிலுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஹோட்டல் ஃபேன் கொக்கியில எல்லாம் கட்டிடாதீங்க, மடியில போட்டு ஆட்டுங்க. ஓசூர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுக்க வேணாம், ராத்திரி பூரா ஹார்ன் சத்தம், ஹைவேயை விட்டு ஒரு தெரு உள்ள பாருங்க.

மூணுபுள்ள_தாய்

கோடு போட்டு பார்த்தீங்களா, எவ்வளவு?

அம்மாபேட்டை_அம்மா

84. போறதுக்குள்ள வளந்துடுவாளோன்னு வீட்டுக்காரர் தினமும் ஸ்கேலை எடுத்துகிட்டு நிக்கறாரு. அக்கா, நைலான் டிரஸ் ரெண்டு வயசு சைஸ் சேலத்துல எங்க கிடைக்கும்?

மூணுரோடு_முரட்டுபீஸ்

சின்னக்கடை வீதியில கேட்டு பாருங்க. இல்லன்னா ஸ்விம்மிங் கிளாஸ் போற பிள்ளைங்க யார்கிட்டயாவது பழசு வாங்கிக்கோங்க, ஒரு நாளைக்கு எதுக்கு புதுசு.