.40 கிளாக் 22-இல் 9 மி.மீ. சுட வேண்டும்: குழலை மட்டும் மாற்றினால் போதுமா?

கொங்குக்காற்று:

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். காவல் துறையினர் பயன்படுத்திக் கைமாறிய மூன்றாம் தலைமுறை கிளாக் 22 கைத்துப்பாக்கி (.40 அங்குலத் தோட்டா சுடுவது) ஒன்றைச் சென்ற மாதம் உரிமம் பெற்ற கடையில் வாங்கினேன். இடுப்புறையில் உரசி உரசி ஸ்லைடின் (குழலை மூடி முன்பின் நகரும் மேற்பாகத்தின்) முனை வெளுத்திருக்கிறதே தவிர, குழலின் உட்புறம் பளிச்சென்று இருக்கிறது. வாரந்தோறும் சுடுதளத்துக்குப் போகும் எனக்கு .40 தோட்டாவின் விலை கட்டுப்படியாகவில்லை. 9 மி.மீ. தோட்டா அதைவிடக் குறைவாகக் கிடைப்பதால் குழலை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் 9 மி.மீ. தோட்டா சுடும் கிளாக் 17 இருக்கிறது. இரண்டு துப்பாக்கிகளிலும் தோட்டா இல்லை என்பதை இருவரும் தனித்தனியே சரிபார்த்த பிறகு, அவருடைய குழலை என் ஸ்லைடில் வைத்துப் பார்த்தோம். உள்ளே அமர்ந்துவிட்டது, ஆனால் அதன் பின்முனை விரல் பட்டாலே இடவலமாக ஆடியது. சுடாமல் கழற்றிவிட்டோம். அந்த ஆட்டத்துக்குக் காரணம் என்ன? குழலைத் தவிர வேறு எவற்றை மாற்ற வேண்டும்? .357 சிக் என்ற வேறொரு தோட்டாவுக்கான குழலும் இதே துப்பாக்கியில் பொருந்தும் என்கிறார்களே, அது உண்மையா?

பொறிவினைஞன்:

சுடாமல் கழற்றியது மிகச் சரியான முடிவு, நண்பரே. கிளாக் 17-இன் குழல் 9 மி.மீ. ஸ்லைடுக்காகச் செய்யப்பட்டது. தோட்டா வெளியேறும் திறப்பில் வந்து பூட்டிக்கொள்ளும் அதன் பின்பகுதி, .40 ஸ்லைடில் உள்ள இடத்தைவிட அகலம் குறைந்தது. பூட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் குழல் சற்று வேறு இடத்தில் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது மாற்றுக் குழல் என்றே விற்கப்படும் வேறொரு பொருள்: வெளி அளவுகள் முழுவதும் .40 குழலுக்கு உரியவை, உள்ளே மட்டும் 9 மி.மீ. துளையும் தோட்டா அறையும் இருக்கும். வாங்கும்போது "கிளாக் 22-க்கான 9 மி.மீ. மாற்றுக் குழல்" என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது ஸ்லைடின் உட்பக்கத்தில் தோட்டாவின் அடிப்பாகம் வந்து சாயும் முகப்பு. .40 தோட்டா உறையின் விளிம்பு ஏறத்தாழ 10.8 மி.மீ.; 9 மி.மீ. தோட்டாவின் விளிம்பு ஏறத்தாழ 9.9 மி.மீ. பெரிய தோட்டாவுக்குக் கடைந்த முகப்பில் சிறியது கொஞ்சம் தளர்வாக நின்றாலும், காலி உறையை அறையிலிருந்து இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி பெரும்பாலும் அதை எட்டிப் பிடித்துவிடுகிறது. அதனால்தான் .40-இலிருந்து 9-க்கு இறங்க முடிகிறது. 9 மி.மீ. துப்பாக்கியை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றி .40-க்கு ஏறலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்; .40 தோட்டாவின் விளிம்பு அந்தக் குறுகிய முகப்பில் அமரவே அமராது.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கட்டாயம் மாற்றுங்கள். .40 மேகசினின் உதடுகள் அகலமானவை என்பதால் 9 மி.மீ. தோட்டாவை அவை சரியான கோணத்தில் நிறுத்துவதில்லை. கிளாக் 17-இன் மேகசின் உங்கள் துப்பாக்கியின் பிடிக்குள் தடையின்றிப் போகும். காலி உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரையும் கவனியுங்கள். அது ட்ரிகர் பொறி அமர்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் பதிந்துள்ள சிறு எஃகுத் தகடு, 9 மி.மீ.க்கு உரியது உட்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். சிலருக்குப் பழைய தகடே போதுமானதாக இருக்கிறது, சிலருக்குக் காலி உறை முகத்தில் வந்து விழுகிறது. விலை அதிகமில்லாத பாகம், மாற்றிவிடுவதே நல்லது.

.357 சிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழல் மாற்றம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருவது அதுதான். .40 தோட்டா 1990-இல் வெளிவந்தது, 1994-இல் வந்த .357 சிக், அதே விளிம்பு அளவோடு கழுத்தை மட்டும் ஒடுக்கி 9 மி.மீ. விட்டமுள்ள குண்டைத் தாங்கும் தோட்டா. ஸ்லைடு, எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், மேகசின் எதையும் தொட வேண்டியதில்லை. குழல் ஒன்று போதும். கிளாக் நிறுவனமே .357 சிக் தோட்டாவுக்குக் கிளாக் 31 என்ற பெயரில் இதன் உடன்பிறப்பைச் செய்தது. ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு அதிகம்: .40-க்கும் சாதாரண 9 மி.மீ.க்கும் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .357 சிக்குக்கு 40,000. ஆகவே ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். செலவைக் குறைப்பதே உங்கள் நோக்கம் என்றால் .357 சிக் உதவாது, அது .40-ஐவிட விலை கூடியது.

மேட்டுத்தெரு:

மேலே சொன்னவற்றோடு என் அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். நானும் இதே மாற்றத்தைச் செய்து இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 115 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) குண்டுள்ள மலிவான தோட்டாக்களில் நூற்றுக்கு மூன்று நான்கு காலி உறைகள் திறப்பிலேயே செங்குத்தாகச் சிக்கி நின்றன. எஜெக்டரை மாற்றி, 124 கிரெய்னுக்குப் போன பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாற்றிய பிறகும் என் ஸ்லைடின் பக்கவாட்டில் 40 என்றுதான் பொறித்திருக்கிறது. 9 என்பது தோட்டா வெளியேறும் திறப்பின் வழியே தெரியும் குழலின் மேற்பரப்பில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஒரு நாள் .40 குழலைத் திரும்பப் போட்டதை மறந்து, 9 மி.மீ. மேகசினைச் செருகிவிட்டேன். ஸ்லைடை விடும் முன் குழலின் மேல் இருந்த 40 என்ற எழுத்து கண்ணில் பட்டதால் தப்பித்தேன். .40 அறைக்குள் 9 மி.மீ. தோட்டா தொளதொளவென்று போய்விடும். எக்ஸ்ட்ராக்டர் பிடித்துக்கொண்டால் வெடிக்கவும் செய்யும், உறை சுவரில்லாமல் உப்பிக் கிழியும். அன்றிலிருந்து 9 மி.மீ. மேகசின்களின் அடித்தட்டில் மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறேன். சுடுதளத்துக்கு ஒரு குழலையும் அதற்குரிய தோட்டாவையும் மட்டுமே எடுத்துப் போகிறேன், மற்றது வீட்டுப் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும்.

பழைய இரும்பு:

லூகர் கைத்துப்பாக்கியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 7.65 மி.மீ. பாரபெல்லம் உறையின் கழுத்தை விரித்துத்தான் 1902-இல் 9 மி.மீ. பாரபெல்லம் உருவாக்கப்பட்டது. அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், லூகரில் குழலை மாற்றினாலே தோட்டாவின் அளவும் மாறிவிடும். பொறிவினைஞன் அவர்கள் சொன்ன விளிம்புக் கணக்கு நூற்றாண்டு பழமையானது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு சொல். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி தொடர் எண் பொறித்த சட்டகமே (துப்பாக்கியின் அடிப்பாகம்) துப்பாக்கியாகக் கருதப்படுகிறது, குழல் அல்ல. மாநில விதிகள் வேறுபடலாம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே உதிரிக் குழல் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

கொங்குக்காற்று:

மூவருக்கும் நன்றி. மாற்றுக் குழல், 9 மி.மீ. எஜெக்டருடன் கூடிய கூடு, கிளாக் 17 மேகசின்கள் இரண்டு ஆகியவற்றை வாங்கிப் பொருத்தினேன். இந்தக் குழல் ஸ்லைடில் சற்றும் ஆடவில்லை. சனிக்கிழமை 124 கிரெய்ன் தோட்டாக்கள் 150 சுட்டதில் ஒன்றும் சிக்கவில்லை. காலி உறைகள் வலப்பக்கம் ஆறடி தள்ளி ஒரே இடத்தில் குவிந்தன. குறியில் மட்டும் .40-ஐவிட இரண்டு விரற்கடை கீழே படுகிறது. அதற்குப் பின்குறியை (குறிபார்க்க உதவும் பின்புறப் பாகத்தை) மாற்றுவதா, பழகிக்கொள்வதா என்பதை இன்னும் இருநூறு சுட்ட பிறகு முடிவு செய்வேன். மேகசின்களின் அடித்தட்டுக்கு மஞ்சள் வண்ணம் நேற்றே பூசிவிட்டேன்.