ஹார்டிங் பாதையில் ஒரே நாளில் ஏறி இறங்க இயலுமா?

கேள்வி: அலாஸ்காவின் கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவில், எக்ஸிட் பனியாற்றை ஒட்டி மேலேறும் ஹார்டிங் பாதையில் ஜூன் மாதம் நடக்க எண்ணியுள்ளோம். மலையேற்றத்தில் அதிகப் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஒரே நாளில் இயலுமா?

பதில் 1: இயலும். ஆனால் போக வர 13 கிலோமீட்டர்தானே என்று எளிதாக எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மைலுக்கும் ஏறக்குறைய 1,000 அடி உயர்வதால், 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். ஜூனில் மேற்பகுதியில் பனி கிடக்கும் என்பதால், ஊன்றுகோலும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் அவசியம்.

பதில் 2: கீழ்ப்பகுதிப் புதர்களில் கருங்கரடிகள் நடமாடும், உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். உச்சிவரை செல்ல முடியாவிட்டாலும், வழியிலுள்ள மார்மட் புல்வெளியிலிருந்து திரும்பிவிடலாம், அதில் குறையொன்றுமில்லை.

கேள்வி கேட்டவர்: பனியாற்றின் மேல் இறங்கி நடக்கலாமா?

பதில் 1: வழிகாட்டியும் கயிறும் இல்லாமல் வேண்டாம். பனி மூடிய பிளவுகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.